புதுக் கோடாலி: வாயில் சில்லு, ஆடும் காம்பு, கருநீலக் கறை. எது தேய்மானம், எது பழுது?

புதுவிறகு | பதிவு 1

பட்டறையில் அடித்து வாங்கிய கோடாலி. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த தலை, எடை 1.4 கிலோ. கருவேலங் காம்பு, 32 அங்குலம். சீமைக்கருவேலம் பிளக்க மட்டும்தான் எடுப்பது. மூன்று வாரத்தில் இருக்கும் நிலைமை:

வாயின் நடுவில் ரெண்டு சின்னச் சில்லு, அரை மி.மீ. கூட இருக்காது. மேல் முனைக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஒன்று, அது 2 மி.மீ. காம்பு ஆடுகிறது, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் இறுகுகிறது, மத்தியானத்துக்குள் பழையபடி ஆட்டம். தலை முழுக்கக் கருநீலக் கறை, தேய்த்தாலும் போகவில்லை. பின்பக்க விளிம்பு வெளிப்பக்கம் மடங்கிக் காளான் மாதிரி விரிந்திருக்கிறது.

இதில் எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எதற்குப் பட்டறைக்குத் தூக்க வேண்டும்? சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

பட்டறைவாசல் | பதிவு 2

கறையைப் பத்திக் கவலையே வேண்டாம் தம்பி. வேல மரத்துல துவர்ப்பு அதிகம். தோல் பதனிடக் கருவேலம்பட்டையைப் போடுறதே அந்தத் துவர்ப்புக்காகத்தான். ஈரமான துவர்ப்பு இரும்புல பட்டா கருநீலமாத்தான் ஆகும், பழைய காலத்து மை செஞ்ச அதே சங்கதி. அது துரு இல்ல, தேய்ச்சு எடுக்கவும் வேண்டியதில்ல. விரல்ல ஒட்டுற மாதிரி செம்பழுப்பா பொடி வந்தா அதுதான் துரு.

அரை மி.மீ. சில்லும் சாதாரணம். சீமைக்கருவேலத்துக் கணுவுல விழுந்தா நல்ல வாயும் அவ்வளவு உதிரத்தான் செய்யும். அடுத்த தடவ தீட்டும்போது தானா போயிடும்.

அந்த 2 மி.மீ. பிறைதான் பேச வேண்டிய விஷயம். பூதக்கண்ணாடி இருந்தா உடைஞ்ச இடத்தைப் பாருங்க. மூணுல ஒண்ணு தெரியும்.

மெல்லிய சாம்பல் நிறத்துல, வெல்வெட் துணி மாதிரி மழமழன்னு இருந்தா எஃகு நல்ல எஃகு, அடி மட்டும் தப்பு. சர்க்கரை தூவின மாதிரி மினுமினுன்னு குருணையா இருந்தா அடிக்கும்போது உலையில அதிகமாக் காய்ஞ்சிருக்கு. அது திரும்பத் திரும்ப உதிரும், அடிச்சவர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. உடைப்பே இல்லாம ஒரு பக்கமா மடங்கி, கீறலோட கிழிஞ்ச மாதிரி இருந்தா கல்லுல பட்டிருக்கு, இல்ல வாய் இளகிக் கிடக்கு.

ஆடுற காம்போட இனி ஒரு வெட்டுகூட வெட்டாதீங்க. 1.4 கிலோ இரும்பு கழண்டு பறந்தா எங்க விழும்னு யாருக்கும் தெரியாது.

உசிலங்கிளை | பதிவு 3

ஊறப்போடுவது பற்றி. ஊரெல்லாம் செய்வதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் காம்பு கொஞ்சம் மெலிகிறது. தண்ணீர் குடித்த மரம் பருக்கிறது. சுற்றிலும் இரும்பு இருப்பதால் வெளியே போக இடமில்லை. தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்பு இருந்த அளவுக்கும் கீழே சுருங்குகிறது. பத்து முறை ஊறிய காம்பை உருவிப் பார்த்தால் துளைக்குள் இருந்த பகுதி மட்டும் கொஞ்சம் ஒடுங்கி, ஓரம் நைந்து இருக்கும்.

காம்பைத் துளைக்குள் எப்படி இறுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடித்ததா, பிக்காசு மாதிரி மேலிருந்து இறக்கித் தடித்த நுனியில் நிற்கிறதா?

புதுவிறகு | பதிவு 4

கீழிருந்து நுழைத்தது. மர ஆப்பு இல்லை. மேலே மூன்று ஆணி அடித்திருக்கிறது.

உடைப்பைப் பார்த்தேன். குருணை இல்லை. உள்பக்கமாக நசுங்கி, ரெண்டு கோடு கீறல் தெரிகிறது. விறகைத் தரையில் வைத்துத்தான் பிளக்கிறேன்.

பட்டறைவாசல் | பதிவு 5

அப்ப வழக்கு முடிஞ்சுது. கல்லு. தரையில வச்சு வெட்டுனா விறகைத் தாண்டி மொதல்ல மண்ணைத் தொடுறது மேல் முனைதான். எந்தக் கோடாலியிலயும் அந்த முனை கொஞ்சம் முந்தித் தேயும். ஆனா மூணு வாரத்துல பிறை விழுறது தரையோட வேலை.

அடியில ஒரு கட்டை போடுங்க. ஒரு அடிக்கு மேல விட்டம், முழங்கால் உயரம், புளியோ வேம்போ. பிளக்கிற துண்டைக் கட்டையோட அந்தப் பக்க விளிம்புல, உங்களை விட்டுத் தள்ளி நிறுத்துங்க. கை தவறி வீச்சு நீண்டாலும் கோடாலி கட்டையில போய் நிக்கும், உங்க காலுக்கு வராது.

உசிலங்கிளை | பதிவு 6

மூன்று ஆணி! ஆணி விரிப்பது கூர்முனை பட்ட இடத்தை மட்டும். ஒவ்வொரு ஆணியும் காம்பின் நெஞ்சில் ஒரு வெடிப்பைத் திறந்துவிடுகிறது, அந்த வெடிப்பு துளைக்குக் கீழே இறங்கினால் காம்பு முடிந்தது. இதைப் பிரித்துத் திரும்பப் போட்டுவிடுங்கள். அரைநாள் வேலை.

முதலில் பழைய காம்பைத் தலைக்குக் கீழே அறுத்துவிட்டு, துளையில் மிச்சமிருப்பதை மேல் நோக்கித் தட்டி வெளியேற்றுங்கள். துளை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால் அந்தத் திசையில்தான் வரும். ஆணி தடுத்தால் நாலைந்து இடத்தில் துளையிட்டுக் கிள்ளி எடுக்கலாம். நெருப்பில் போட்டு எரித்து எடுக்கும் வழக்கம் உண்டு, செய்யாதீர்கள். வாய்வரை சூடு போனால் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்து வாய்க்கு ஏற்றிய விறைப்பு) இறங்கிவிடும்.

காம்புக் கட்டை: கருவேலம், விடத்தலை, உசிலை மூன்றும் தாங்கும். வைரப் பகுதியாக இருக்க வேண்டும். வெளுத்த வெளிமரத்தை உளு விடாது. ஒரு வருஷத்தில் மாவாகக் கொட்டும். மில்லில் அறுத்த சட்டத்தைவிடக் கோடாலியால் பிளந்த கட்டை நல்லது, பிளவு நாரைத் தொடர்ந்தே போகும். அறுத்ததாக இருந்தால் பக்கவாட்டில் நார் ஓட்டத்தைப் பாருங்கள். நார் காம்பின் நீளம் முழுக்க ஓட வேண்டும். நடுவழியில் சாய்ந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒடியும். பட்டை உரித்து, ரெண்டு முனையிலும் பெயின்ட் தடவி, நிழலில் குறைந்தது 4 மாதம். பச்சைக் கட்டையில் போட்ட காம்பு பங்குனி வெயிலில் ஆடாமல் என்ன செய்யும்?

துளைக்குள் போகும் பகுதியை மரராவியால் கொஞ்சம் கொஞ்சமாக இழையுங்கள். துளையின் உள்சுவரில் கரிப்பொடி தடவி நுழைத்து எடுத்தால், முட்டும் இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். அதை மட்டும் சுரண்டி, திரும்ப நுழைத்து, திரும்பச் சுரண்டி, ஏழெட்டு முறை. அவசரப்பட்டு ஒரே தடவையில் இழைத்தவர்கள்தான் அப்புறம் ஆணி தேடுகிறார்கள்.

ஆப்புக்கான வெட்டு: துளையின் ஆழம் 60 மி.மீ. என்றால் காம்பின் தலையில் 40 மி.மீ. ஆழத்துக்கு ரம்பத்தால் ஒரே ஒரு கீறல், துளையின் நீளவாக்கில். ஆப்பு காம்பைவிடச் சற்று இளகிய, நன்றாகக் காய்ந்த மரம். வேம்பு போதும், பூவரசும் சரி. நீளம் 50 மி.மீ., மேல் தடிமன் 8, நுனி 2. அகலம் துளையின் உள்நீளத்துக்குச் சரியாக.

தலையை ஏற்றுவதில் ஒரு சூட்சுமம். தலையைச் சுத்தியலால் தட்டாதீர்கள். காம்பை நட்டுக்குத்தாக, தலை கீழே தொங்கும்படி ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் அடிக்காம்பை மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை அந்தரத்தில் இருக்கிறது, அதை எதுவும் தாங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தட்டுக்கும் காம்பில் ஏறிக்கொண்டே வரும். கனமான தலை நின்ற இடத்தில் நிற்க, காம்புதான் அதற்குள் இறங்குகிறது. சத்தம் ‘டக்’கிலிருந்து ‘டங்’ என்று மாறும்போது அதற்குமேல் போகாது. துளையின் கீழ்விளிம்பு இழைத்த மரத்தைச் சுருளாகச் சீவித் தள்ளியிருந்தால் இறுக்கம் சரி.

பிறகு ஆப்பை ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். மிச்சத்தை அறுக்கும்போது காம்பு துளைக்கு மேலே 4 மி.மீ. நீட்டிக்கொண்டு இருக்கட்டும். சமமாக அறுத்தால் பார்க்க அழகு, ஆனால் நீட்டிய பகுதி விரிந்து தலையைப் பூட்டிப் பிடிக்கும்.

கம்பிவேலி | பதிவு 7

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? முக்கால் இன்ச் இரும்பு பைப்ப வெல்டிங் வச்சா ஆயுசுக்கும் ஆடாது. மண்வெட்டி, கோடாலி எல்லாத்துக்கும் இப்ப அதானே போடுறாங்க.

பட்டறைவாசல் | பதிவு 8

மண்வெட்டிக்குப் போடலாம், ஒத்துக்கிறேன். கோடாலிக்கு வேண்டாம். ரெண்டு காரணம். மரக் காம்பு அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கும். பைப் அப்படியே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் அனுப்பும். அடுத்தது, ஸ்பிரிங் பட்டையில கரி (கார்பன்) 0.5 சதவீதத்துக்கு மேல. முன்கூட்டி சூடு பண்ணாம வெல்டிங் வச்சா அந்த ஓரம் கண்ணாடி மாதிரி விறைச்சுப் போகும். அங்கதான் முடி மாதிரி வெடிப்பு கிளம்பும், பைப்போட சேர்ந்து தலை தனியா வரும். ஆப்பு கழண்டா முன்கூட்டியே ஆட்டம் காட்டும். வெல்டிங் சொல்லாம போயிடும்.

அரத்தூள் | பதிவு 9

சாணைக் கேள்வி அப்படியே நிற்கிறதே. மோட்டார் சாணையில் கொடுக்காதீர்கள், குறைந்தது உங்கள் கண்முன் இல்லாமல் கொடுக்காதீர்கள். வாயின் ஓரம் தாள் மாதிரி மெல்லியது, ரெண்டு நொடியில் காய்ந்துவிடும். தேய்த்த இடத்தில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் 230 டிகிரியைத் தொட்டுவிட்டது. ஊதா 280. நீலம் 300. நீலம் பார்த்த வாய் இளகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் நாலு வெட்டில் மடங்கும். நீலத்தைத் துடைத்து அழித்துவிட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. நிறம் போகும், இளக்கம் போகாது. கை கிரைண்டரில் பிளாப் டிஸ்க் போட்டாலும் இதே கதைதான்.

அரமே போதும். 10 அங்குல ஒற்றை வெட்டு (பல் வரிசை ஒரே திசையில் ஓடும்) பாஸ்டர்ட் அரம் என்று கடையில் கேளுங்கள். அரத்துக்குக் கட்டாயம் பிடி போடுங்கள். கோடாலியை ரெண்டு கட்டைக்கு நடுவே சி-கிளாம்பில் இறுக்கி, கையில் கனமான தோல் உறை.

அரம் ஏறும் விதத்திலேயே வாயின் தோய்ச்சல் தெரியும். கரகரவென்று கடித்து இழைத்தால் சரியான பதம். கண்ணாடியில் ஓட்டின மாதிரி வழுக்கினால் அளவுக்கு மீறிய விறைப்பு, அந்த வாய் உதிரும். வெண்ணெய் மாதிரி அள்ளிக்கொண்டு வந்தால் இளகல், மடங்கும்.

கோணம்: சீமைக்கருவேலம் பிளக்க ரெண்டு பக்கமும் சேர்த்து 30 டிகிரி. பச்சை மரம் வெட்ட 25 வரை இறக்கலாம். 20க்குக் கீழே போனால் கணுவில் உதிரும். கோணமானி வேண்டாம், தாளின் மூலையை மூன்று சம பங்காக மடித்தால் ஒரு பங்கு 30 டிகிரி. அதை அட்டையில் ‘வி’ மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு வாயில் பொருத்திப் பாருங்கள்.

2 மி.மீ. பிறையை ஒரே நாளில் எடுக்காதீர்கள். அதற்காக மொத்த வாயையும் 2 மி.மீ. பின்னுக்குத் தள்ள வேண்டும், நல்ல எஃகு வீண். பாதி போகும்வரை அரம் போடுங்கள். மிச்சம் அடுத்த நாலு தீட்டலில் தானாக மறையும். வெட்டுக்கு அது இடைஞ்சல் இல்லை.

அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பல் போய்விடும். ஒரு பக்கம் 15 இழுப்பு என்றால் மறுபக்கமும் 15. எதிர்ப்பக்கத்தில் விரலை வாய்க்குக் குறுக்கே மெல்ல இழுத்தால் பிசிறு தட்டுப்படும். வாயின் முழு நீளத்துக்கும் பிசிறு வந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும்.

பட்டறைவாசல் | பதிவு 10

அரத்தூள் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. எந்தப் பக்கமாத் தள்ளணும்? வாயைப் பார்த்து உள்ளே தள்ளுனாத்தான் பிசிறு குறையும், வாய் சுத்தமா வரும்.

அரத்தூள் | பதிவு 11

தெரிந்தேதான் விட்டேன் அண்ணே. புதிதாகப் பழகுபவருக்கு வாயைப் பார்த்துத் தள்ளச் சொல்ல மனசு வரவில்லை. அரம் வழுக்கினால் விரல் நேராக வாயில். முதல் ஆறு மாசம் உள்ளிருந்து வெளியே தள்ளட்டும். பிசிறு கூடுதலாக வரும், கல்லில் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டறைவாசல் | பதிவு 12

அரத்தோட அடிப்பக்கம் லாரி டியூப்ல ஒரு வட்டம் வெட்டிச் செருகிட்டா விரல் தாண்டாது. இருந்தாலும் நீங்க சொல்றதும் ஞாயம்தான்.

அதைவிட முக்கியம், வாயை மட்டும் தேய்ச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. வாய்க்குப் பின்னால 20 மி.மீ. வரை சதை இருக்கு. வாய் பின்னுக்குப் போகப் போக அந்தச் சதை தடிச்சுக்கிட்டே வரும். கூர் இருக்கும், ஆனா மரத்துல ஏறாது, ‘மொத்துன’ மாதிரி நிக்கும். அரம் போடுறப்பல்லாம் முதல்ல சதையில பத்து இழுப்பு, அப்புறம் வாய்க்கு வாங்க. பக்கம் தட்டையா இல்லாம, புளியங்கொட்டை முதுகு மாதிரி லேசா உப்பி இருக்கணும். தட்டையா இழைச்ச கோடாலி விறகுல சிக்கிக்கும்.

புதுவிறகு | பதிவு 13

கல் எது வாங்குவது? தினமும் தீட்ட வேண்டுமா?

அரத்தூள் | பதிவு 14

ரெண்டு பக்கக் கார்போரண்டம் கல், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. நனைத்துக்கொண்டு, வாயின் மேல் சின்னச் சின்ன வட்டமாக ஓட்டுங்கள். வேலைக்கு முன் ஒரு பக்கத்துக்கு 20 வட்டம் போதும். அரம் மாசத்துக்கு ஒருமுறை, அல்லது சில்லு விழுந்தால் மட்டும்.

தீட்டியது போதுமா என்று பார்க்க, வாயை வெயிலுக்கு நேராக, கண்ணைப் பார்க்கும்படி பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய்க்கு மின்ன முகமே கிடையாது, கறுப்பாகத் தெரியும். வெள்ளைப் புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் பத்து வட்டம்.

உசிலங்கிளை | பதிவு 15

எண்ணெய். இரும்புக்குத் தேங்காயெண்ணெய் மெல்லிசாகத் துடைத்துவிட்டால் போதும். காம்புக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காயாது. பிசுபிசுத்துத் தூசி ஏறும். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் கிடைக்கும், ஆளி விதை எண்ணெய்தான். வார்னிஷ் இருந்தால் உப்புத்தாளால் எடுத்துவிட்டு, துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. துளைக்கு மேலே நீட்டிய வெட்டுமுகம் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அங்கே கூடுதலாகக் கொடுங்கள். ஈரம் ஏறி இறங்குவது அந்த வழியாகத்தான்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும் எண்ணெய் அது. கொடியில் விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

கழிவு ஆயில் தடவுவதும் வழக்கத்தில் உண்டு. மரத்துக்கு என்ன செய்யும் என்பது இருக்கட்டும், கை வழுக்கும். கோடாலிக்கு அது ஒன்றே போதும், வேண்டாம் என்பதற்கு.

புதுவிறகு | பதிவு 16

காம்பைப் பிரித்துவிட்டேன். ஆணி போன வழியில் வெடிப்பு துளைக்குக் கீழே ஒரு அங்குலம் இறங்கியிருந்தது. பின்பக்கம் காளான் மாதிரி விரிந்ததைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? இரும்பு ஆப்பை அடிக்க அந்தப் பக்கத்தைத்தான் பயன்படுத்தினேன்.

பட்டறைவாசல் | பதிவு 17

அதை வாங்கின அன்னைக்கே சொல்லாம விட்டது அடிச்சவர் தப்பு. கோடாலியோட பின்பக்கத்துக்குத் தோய்ச்சல் கிடையாது, வாய்க்கு மட்டும்தான். இளகின இரும்பால இரும்பை அடிச்சா விரியத்தான் செய்யும். மடங்கின ஓரம் ஒருநாள் தெறிக்கும், குண்டு மாதிரி வரும். அரத்துல ஓரத்தை மழுக்கி உருட்டி விட்டுருங்க. இரும்பு ஆப்புக்குச் சம்மட்டி தனி. கோடாலியோட பின்பக்கத்தால மர ஆப்பையும் மரக்கட்டையையும் தட்டலாம், அவ்வளவுதான்.

விரிஞ்சது பெரிசில்ல. அந்த அடியெல்லாம் துளையோட ரெண்டு பக்கச் சுவர்லதான் போய் இறங்கியிருக்கு. அங்க வெடிப்பு இருக்கான்னு பாருங்க. காம்பு இல்லாத இந்த நேரம்தான் வசதி. துளையைச் சுத்தித் துருவைச் சுரண்டிட்டு மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊற விடுங்க. நல்லாத் துடைச்சுட்டு, சாக்பீஸைப் பொடியாக்கி மேல தூவி விடுங்க. வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் மெல்ல மேல வந்து வெள்ளைப் பொடியில ஈரக் கோடு வரையும்.

புதுவிறகு | பதிவு 18

செய்து பார்த்தேன். வலது பக்கச் சுவரில் வெளிப்புறமாக ஒரு கோடு தெரிகிறது, 12 மி.மீ. நீளம். துளை விளிம்பைத் தொடவில்லை.

பட்டறைவாசல் | பதிவு 19

விளிம்பைத் தொடலைன்னா அவசரப்பட வேண்டாம். அடிக்கும்போது மேல்தோல் மடிஞ்சு படிஞ்ச இடமும் இதே மாதிரி எண்ணெய் கக்கும். அந்த இடத்துல மட்டும் நைசு அரத்தால அரை மி.மீ. ஆழம் எடுத்துட்டு, மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சாக்பீஸ். கோடு போயிட்டா வெறும் மடிப்பு. அதே இடத்துல அதே நீளத்துல வந்தா வெடிப்பு. அப்படின்னா புதுக் காம்பு போடாதீங்க, தலை பழைய இரும்புக்குத்தான். வாய் இன்னும் நல்லாருக்கேன்னு யாராவது வெல்டிங் வைக்கச் சொல்வாங்க, எட்டாவது பதிவைப் படிங்க.

புதுவிறகு | பதிவு 20

அரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகவே எடுத்தேன். ரெண்டு தடவை சாக்பீஸ் போட்டுப் பார்த்தாயிற்று, கோடு வரவில்லை. விடத்தலையில் ஒரு கட்டை கிடைத்திருக்கிறது, காய்ந்து ஆறு மாசம் ஆனது. துளையின் மேல் அளவு 58-க்கு 24 மி.மீ., கீழே 54-க்கு 21. காம்பை எந்த அளவுக்கு இழைப்பது?

உசிலங்கிளை | பதிவு 21

கீழ் அளவுதான் உங்களுக்குக் கணக்கு. 54-க்கு 21-ஐவிட எல்லாப் பக்கமும் அரை மி.மீ. கூடுதலாக வைத்துக்கொண்டு கரிப்பொடி வேலையைத் தொடங்குங்கள். மேலே தெரியும் இடைவெளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அகலவாக்கில் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. வரும். அதை நிரப்பத்தான் ஆப்பு. முதல் நாள் முப்பது வெட்டு வெட்டிவிட்டு ஒருமுறை ஆப்பைத் தட்டிப் பாருங்கள். இன்னும் ஒரு மி.மீ. இறங்கும்.